தகரப்பெட்டியிலுள்ள முன்னோர்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த குளத்தூரிலும் பாறசாலையை அடுத்த கிராமங்களிலும், கலியாணத்துக்கோ துக்கத்துக்கோ பந்துக்கள் கூடும்போது தகரப்பெட்டியிலிருந்து வெளிவரும் பழைய புகைப்படங்களில், ரவிக்கையணிந்து நிமிர்ந்து நிற்கும் நாடார் குலத்துப் பாட்டியைக் கண்டு அது அந்நாளைய அலங்காரமென்றே எண்ணுகிறவர், திருவிதாங்கூரில் ரவிக்கையணியும் உரிமை அக்குலத்து ஸ்திரீகள் யாவருக்கும் 1859-இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனத்தால்தான், அதுவும் நெடிய கலகத்துக்குப் பின்னரே கிட்டிற்று என்பதை அறியார். (அப்பொழுதும் மேல்சாதியாரைப்போல் உடுத்தலாகாதென்று ஒரு நிபந்தனை!)

அப்படங்களில் பின்னாளைய பிரிவினையின் தடமும் உண்டு: 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு முதலிய நான்கு தென்தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிற்று. ஒரே படத்தில் தோளுரசி நிற்கும் சகோதரிகளுள், களியக்காவிளைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவளின் சந்ததியார் படத்தின் பின்புறத்தில் பெயரைத் தமிழிலும், இப்பால் தங்கியவளின் சந்ததியார் மலையாளத்திலும் எழுதலாயினர்.