ஐரோப்பாவின் அடுத்த தலைமுறை பேட்டரி ஆய்வு: சாதித்தவையும் சவால்களும்

மின்சார வாகனங்களுக்கும், சூரிய ஒளி மற்றும் காற்றாலை மின்சாரத்தைச் சேமிப்பதற்கும் தேவையான பேட்டரிகளை நீண்ட ஆயுளுடனும், அரிய கனிமங்களைக் குறைவாகப் பயன்படுத்தியும், மறுசுழற்சிக்கு உகந்த வகையிலும் உருவாக்கும் கூட்டு ஆய்வில் ஐரோப்பிய நாடுகள் ஈடுபட்டுள்ளன. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ‘பேட்டரி 2030 பிளஸ்’ இம்முயற்சியின் மையமாகும். ஆய்வகங்களில் முன்னேற்றம் கிடைத்துள்ள போதிலும், அதைத் தொழிற்சாலை உற்பத்தியாக மாற்றுவதே ஐரோப்பாவுக்குப் பெரும் சவாலாக உள்ளது.

பின்னணி

லித்தியம் அயனி பேட்டரியை 1991-ஆம் ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோருக்கு 2019-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. குட்எனஃப் தமது முக்கியக் கண்டுபிடிப்பை நிகழ்த்தியது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில்தான். எனினும் பேட்டரி உற்பத்தி ஜப்பான், தென்கொரியா, சீனா ஆகிய நாடுகளில்தான் வளர்ந்தது. ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் ஆசிய பேட்டரிகளையே நம்பியிருக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்றும் நோக்கில் 2017 அக்டோபரில் ஐரோப்பிய பேட்டரி கூட்டணி தொடங்கப்பட்டது. 2019 டிசம்பரில் 7 நாடுகள் 320 கோடி யூரோ வரையிலும், 2021 ஜனவரியில் 12 நாடுகள் 290 கோடி யூரோ வரையிலும் பேட்டரித் துறைக்கு அரசு உதவி வழங்க ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் அளித்தது.

மூலப்பொருள் இதைவிடச் சிக்கலானது. கோபால்ட், நிக்கல், லித்தியம், மாங்கனீசு, இயற்கை கிராஃபைட் ஆகிய ஐந்து பொருள்களில் சராசரியாக 78 சதவீதத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியைச் சார்ந்துள்ளதாக ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2023-இல் சுட்டிக்காட்டியது. கோபால்ட் இறக்குமதியில் 68 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அந்நாட்டின் சிறு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது குறித்து மனித உரிமை அமைப்புகள் நீண்டகாலமாகக் குரல் எழுப்பி வருகின்றன. எனவே, கூடுதல் பேட்டரிகளை உருவாக்குவதோடு நிற்காமல், வேறு வகையான பேட்டரிகளை உருவாக்குவதும் ஆய்வின் இலக்காயிற்று.

ஏழு திட்டங்கள்

‘பேட்டரி 2030 பிளஸ்’ 2020 செப்டம்பரில் ஏழு திட்டங்களுடன் முழுவீச்சில் தொடங்கியது. இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 4.05 கோடி யூரோ ஒதுக்கியது. ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளில் மட்டும் கவனம் செலுத்தாமல், எந்த வகை பேட்டரிக்கும் பொருந்தும் ஆய்வுமுறைகளை உருவாக்குவது இம்முயற்சியின் தனித்தன்மை. லித்தியம் ஆனாலும் சோடியம் ஆனாலும் கண்டுபிடிக்கும் வேகத்தைக் கூட்டுவது, பேட்டரியின் உள்நிலையை அறிவது, பழுதைச் சரிசெய்வது ஆகியவை பொதுவான தேவைகள் என்பதே இதன் அடிப்படை.

இவற்றுள் மிகப்பெரியது ‘பிக்-மேப்’ திட்டம். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 15 நாடுகளைச் சேர்ந்த 34 நிறுவனங்கள் இதில் பங்கேற்றன. பேட்டரியின் மின்முனையும் மின்பகுளித் திரவமும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. இப்படலம் சீராக அமைந்தால் பேட்டரி நெடுங்காலம் உழைக்கும். தொடர்ந்து வளர்ந்தால் லித்தியத்தை விழுங்கி, பேட்டரியின் கொள்ளளவைக் குறைத்துவிடும். சில நானோமீட்டர் தடிமனே கொண்ட இதை, பேட்டரி இயங்கும்போது நேரடியாகக் காண்பது மிகவும் கடினம்.

இப்படலத்தின் இயல்பை முன்கூட்டியே கணிக்க, கணினி உருவகப்படுத்துதல், செயற்கை நுண்ணறிவு, தானியங்கி ஆய்வுக் கருவிகள் ஆகியவற்றை ஒரே இணைப்பில் கொண்டுவர இத்திட்டம் முயன்றது. புதிய பேட்டரிப் பொருள்களைக் கண்டுபிடிக்கும் வேகத்தை 5 முதல் 10 மடங்கு வரை உயர்த்துவது இலக்கு. இதற்கு முதலில் தேவைப்பட்டது பொதுமொழி. ஒரே அளவீட்டை ஒவ்வொரு ஆய்வகமும் வெவ்வேறு பெயரிலும் வடிவத்திலும் பதிவுசெய்தால் கணினியால் அவற்றை ஒப்பிட இயலாது. ஆகவே, பேட்டரி தொடர்பான கருத்துகளை வரையறுக்கும் ‘பேட்-இன்ஃபோ’ என்ற பொதுச் சொல்லமைப்பு உருவாக்கப்பட்டது.

உணரும் பேட்டரி, ஆறும் பேட்டரி

இன்றைய வாகனங்கள் மின்னழுத்தம், மின்னோட்டம், வெளிப்புற வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டே பேட்டரியின் நிலையை ஊகிக்கின்றன. உள்ளே நிகழ்வது நேரடியாகத் தெரியாததால், பாதுகாப்பு கருதி முழுத்திறனும் பயன்படுத்தப்படுவதில்லை. இக்குறையைப் போக்க மூன்று திட்டங்கள் முயன்றன. பிரான்ஸ் அணுசக்தி ஆணையம் தலைமையேற்ற ‘இன்ஸ்டாபேட்’ ஒளியிழை உள்ளிட்ட உணரிகளைப் பேட்டரிக்குள் பொருத்தியது. ஸ்பெயினின் இகெர்லான் மையம் வழிநடத்திய ‘சென்சிபேட்’ உள் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளவிட்டது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் தலைமையேற்ற ‘ஸ்பார்டகஸ்’ ஒலியலை உணரிகளைப் பயன்படுத்தியது.

பழுதைத் தானே சரிசெய்யும் பேட்டரி குறித்து இரு திட்டங்கள் ஆராய்ந்தன. எதிர்மின்முனையில் கிராஃபைட்டுக்குப் பதிலாக சிலிக்கானைப் பயன்படுத்தினால் ஒரே எடையில் ஏறத்தாழ பத்து மடங்கு லித்தியத்தைத் தேக்க முடியும். ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் சுமார் மூன்று மடங்கு விரிவதால் நொறுங்கிவிடுகிறது. விரிசல் விழுந்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் பாலிமரைக் கொண்டு இதைச் சமாளிக்க, பிரஸ்ஸல்ஸ் விரியே பல்கலைக்கழகத்தின் ‘பேட்-ஃபார்-எவர்’ திட்டம் முயன்றது. பின்லாந்தின் விடிடி ஆய்வு மையம் வழிநடத்திய ‘ஹிட்டன்’, குறுக்கு மின்சுற்றை ஏற்படுத்தும் ஊசி போன்ற லித்தியம் படிவுகளைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்தது.

முதற்கட்டத் திட்டங்கள் நிறைவுற்ற நிலையில், ‘ஹொரைசன் ஐரோப்பா’ திட்டத்தின் கீழ் ஆய்வு தொடர்கிறது. இதற்காக 2021-இல் உருவாக்கப்பட்ட ‘பேட்-ஃபார்-இயு’ கூட்டாண்மைக்கு 92.5 கோடி யூரோ வரை வழங்க ஐரோப்பிய ஆணையம் உறுதியளித்துள்ளது.

சோடியம் காட்டும் பாடம்

சோடியம் அயனி பேட்டரியின் வரலாறு, இக்கூட்டு ஆய்வின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டுகிறது. சோடியம் உப்பிலிருந்தே கிடைக்கும். இப்பேட்டரிக்கு லித்தியம் தேவையில்லை. பல வகைகளில் கோபால்ட்டும் நிக்கலும் வேண்டியதில்லை. எதிர்மின்முனையில் செம்புத் தகட்டுக்குப் பதில் விலை குறைந்த அலுமினியத்தைப் பயன்படுத்தலாம். ஆற்றல் அடர்த்தி குறைவு என்பதே இதன் முக்கியக் குறை.

பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தின் ஆய்விலிருந்து ‘டியாமட்’ நிறுவனமும், உப்சாலா பல்கலைக்கழக ஆய்விலிருந்து ‘ஆல்ட்ரிஸ்’ நிறுவனமும் 2017-இல் உருவாயின. ஆல்ட்ரிஸுடன் இணைந்து உருவாக்கிய, கிலோவுக்கு 160 வாட்-மணிக்கு மேல் ஆற்றல் தேக்கும் சோடியம் அயனி மின்கலத்தை ஸ்வீடனின் ‘நார்த்வோல்ட்’ நிறுவனம் 2023 நவம்பரில் அறிவித்தது. பல்கலைக்கழக ஆய்வு தொழிற்சாலையை எட்டும் பாதை தெளிவாகிவிட்டதாக அப்போது கருதப்பட்டது.

ஆனால், ஐரோப்பாவின் பேட்டரிக் கனவுக்கு அடையாளமாக விளங்கிய நார்த்வோல்ட், தனது லித்தியம் அயனி தொழிற்சாலையிலேயே உற்பத்தியை உரிய அளவுக்கு உயர்த்த இயலாமல் திணறியது. 2024 ஜூனில் 200 கோடி யூரோ மதிப்பிலான ஒப்பந்தத்தை பிஎம்டபிள்யூ ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரிய அந்நிறுவனம், 2025 மார்ச் 12 அன்று ஸ்வீடனில் திவால் மனு தாக்கல் செய்தது. ஆயிரக்கணக்கானோரின் வேலை கேள்விக்குறியானது. பிரிட்டனின் ‘பிரிட்டிஷ்வோல்ட்’ 2023 ஜனவரியிலேயே வீழ்ந்திருந்தது.

ஆய்வகத்தில் ஒரு மின்கலத்தைச் சிறப்பாக இயக்கிக் காட்டுவது ஒன்று. ஒரே தரத்தில் லட்சக்கணக்கில், ஆசிய நிறுவனங்களுக்கு ஈடான விலையில் தயாரிப்பது முற்றிலும் வேறு. இரண்டாவது திறனைப் பல்லாண்டு உற்பத்தி அனுபவத்தால் மட்டுமே பெற முடிகிறது. கூட்டு ஆய்வின் அடுத்த கட்டம் இவ்விடைவெளியைக் கருத்தில் கொண்டாக வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

சட்டம் வகுத்துள்ள காலக்கெடு

2023 ஆகஸ்ட் 17 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஆய்வுக்குத் தெளிவான இலக்குகளை நிர்ணயித்துள்ளது. அதன் முக்கிய அம்சங்கள்:

* 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் ‘பேட்டரி கடவுச்சீட்டு’ கட்டாயம். கியூஆர் குறியீட்டின் மூலம் அதன் விவரங்களை அறியலாம்.

* பயன்படுத்திய பேட்டரிகளிலிருந்து 2027 இறுதிக்குள் 50 சதவீத லித்தியத்தையும், 2031 இறுதிக்குள் 80 சதவீத லித்தியத்தையும் மீட்க வேண்டும். கோபால்ட், நிக்கல், செம்பு ஆகியவற்றுக்கு இது முறையே 90 மற்றும் 95 சதவீதம்.

* 2031 ஆகஸ்ட் முதல் புதிய வாகன பேட்டரிகளில் உள்ள கோபால்ட்டில் 16 சதவீதமும், லித்தியம் மற்றும் நிக்கலில் தலா 6 சதவீதமும் மறுசுழற்சியில் கிடைத்தவையாக இருக்க வேண்டும்.

மூலப்பொருள் வரும் வழியில் மனித உரிமை மீறல்கள் நிகழ்கின்றனவா என நிறுவனங்கள் ஆராய வேண்டும் என்ற விதி 2025 ஆகஸ்டில் அமலாகவிருந்தது. அது 2027 ஆகஸ்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

இந்தியாவுடனான தொடர்பு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த சோடியம் அயனி பேட்டரி நிறுவனமான ‘ஃபாராடியன்’, 10 கோடி பவுண்டு மதிப்பீட்டில் ரிலையன்ஸ் குழுமத்தின் வசம் வந்துள்ளது. 2023-இல் நிறுவப்பட்ட இந்தியா-ஐரோப்பிய ஒன்றிய வர்த்தக, தொழில்நுட்பக் குழுவும் மின்சார வாகன பேட்டரி மறுசுழற்சியைக் கூட்டுப் பணிகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. இந்தியாவில் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளும், பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடமே ஒப்படைத்துள்ளன.

கனிமங்களுக்கு இறக்குமதியைச் சார்ந்திருப்பதிலும், மின்கல உற்பத்தியில் பிந்தித் தொடங்கியதிலும் இந்தியாவின் நிலை ஐரோப்பாவை ஒத்ததே. அந்த வகையில் ஐரோப்பிய ஆய்வகங்களின் வெற்றிகளோடு, அங்குள்ள தொழிற்சாலைகளின் சறுக்கல்களும் இந்தியாவின் கவனத்துக்கு உரியவை.