கொக்கிப்புழுவும் தாதியின் கேள்வியும்

 இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில், கொக்கிப்புழு வெகு காலத்துக்கு முன்னரே குடியேறிவிட்டது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் பாதத்தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சி, சோகையையும் வீக்கத்தையும் விளைப்பது அதன் சுபாவம். 1872இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டப் பிரதேசங்களுக்கு வைத்திய வசதியைக் கொணர்ந்ததாயினும், அதன் கவலையெல்லாம் தொழிலாளியின் தேகத்தைப் பற்றியதேயன்றி அவன் அறிவைப் பற்றியதன்று என்றே சொல்ல வேண்டும்.

1916இல் றொக்பெல்லர் ஸ்தாபனத்தார் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய காலத்தில், கீனோபோடியம் எண்ணெயும் பேதியுப்பும் ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுக்கப்பட்டன. புழு விழுந்தது, ஆனால் மலங்கழிக்க மறைவிடமின்றித் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒதுங்கிய மக்களை அதே மண் மீண்டும் தீண்டிற்று. மருந்து மட்டும் போதாதென்னும் இப்பாடத்தின் பின்னரே, 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பகுதி ஒன்று நிறுவப்பட்டு, தாதியரும் மருத்துவிச்சிகளும் வீடுதேடிச் செல்லும் வழக்கம் அங்கு உருப்பெறலாயிற்று.

வீடு தேடிச் செல்வது சுலபம், கேட்டறிவதன்றோ கடினம்! ஊவா மாகாணத் தோட்டமொன்றின் லயத்துக் காம்பிராவில், காலில் வீக்கம் கண்ட பெண்ணொருத்தியிடம் புழுவைப் பற்றி ஒரு தாதி நீளப் பேசி முடித்ததாகக் கொள்வோம். "மலைக் குளிருதான் நர்ஸம்மா, ரெத்தம் சுண்டிப் போச்சு" என்று அவள் பதில் சொன்னால், அறியாமையென்று குறித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவது பழைய பழக்கம். 1983இல் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் தம் நூலில் விளக்கிய, தொழில் செய்கையிலேயே தன் செயலைத் தானே திரும்பிப் பார்க்கும் முறையைத் தாதியர் கல்வி சுவீகரித்த பிற்பாடு, அந்தத் தாதி அன்றிரவு குறிப்பேட்டில் எழுத வேண்டியது வேறு: நான் எதைக் கேட்காமல் விட்டேன்? அவள் பிழைப்பின் எந்தப் பகுதியை நான் காணவில்லை?

மறுநாள் மீண்டும் சென்று கேட்பாளாயின், புழு மண்ணிலிருந்து வருவதை அப்பெண் நன்கறிந்திருப்பதும், ஆனால் இருபது குடும்பங்களுக்கு ஒரே கழிவறை, அதுவும் தாழிடப்பட்டது என்பதும் தெரியவரக்கூடும். அப்போது தாதி பேச வேண்டிய ஆள் நோயாளியல்ல, தோட்டத்துத் துரை.