விக்ரர் உல்மான்: ஒப்பரா அரங்கில் தொடங்கிய இசைவாழ்வு

நாஸிகளின் தடுப்பு முகாமில் இசை படைத்தவர் என்றே விக்ரர் உல்மான் பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றார். நான் இங்கு எழுத விரும்புவது அதற்கு முந்திய உல்மானைப் பற்றி. முகாமில் அவர் செய்ததை விளங்கிக்கொள்ள அந்த ஆண்டுகள் அவசியமானவை.

1898 இல் தெஷென் நகரில் பிறந்தவர் உல்மான். முதலாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் நின்றார். போரின் பின் வியன்னாவில் ஆர்னோல்ட் ஷொன்பேர்க்கிடம் சிறிதுகாலம் பயின்றார். 1920 இல் பிராக் நகரின் புதிய ஜேர்மன் அரங்கில் சேர்ந்தார். அங்கு இசைத்துறைத் தலைவராக இருந்தவர் அலெக்சாண்டர் செம்லின்ஸ்கி.

தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது மேடைக்குப் பின்னாலான வேலை. பாடகர்களுக்குப் பியானோவில் வாசித்து அவரவர் பகுதியைப் பழக்குவதும், கூட்டுப்பாடற் குழுவைப் பயிற்றுவிப்பதுமே அது. 1922 இலிருந்து 1927 வரை அதே அரங்கில் இசை நடத்துநராகப் பணியாற்றினார். அடுத்த பருவத்தில் ஔசிக் நகர ஒப்பராவின் பொறுப்பை ஏற்றார். அங்கு ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், கிரெனெக் போன்ற சமகாலத்தவரின் படைப்புகளையும் மேடையேற்றினார். ஒரு பருவத்துடன் அந்தப் பதவி முடிந்தது.

பின்னர் சூரிச் நாடக அரங்கில் பணிபுரிந்தார். ஸ்ருட்கார்ட்டில் புத்தகக் கடையும் நடத்தினார். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிராக்கிற்குத் தப்பிவந்தார். யூத வம்சாவளியினர் என்பதால் 1942 செப்டெம்பரில் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கு, இளம் ஓவியரும் கவிஞருமான பீற்றர் கீன் எழுத, உல்மான் இசையமைத்த ஒப்பரா 'அற்லாண்டிஸின் பேரரசன்'. எல்லோருக்கும் எதிராக எல்லோரும் போரிட வேண்டும் என்று ஒரு பேரரசன் ஆணையிடுகின்றான். அவமதிக்கப்பட்ட மரணம் வேலைநிறுத்தம் செய்கின்றது. எவராலும் சாக முடியவில்லை. முதலில் தானே சாகப் பேரரசன் சம்மதித்த பின்னரே மரணம் தன் பணிக்குத் திரும்புகின்றது.

சில பாடகர்களும், சக்சபோன், பாஞ்ஜோ, ஹார்மோனியம் சேர்ந்த சிறிய வாத்தியக் குழுவுமே அதற்குப் போதும். கையில் இருப்பவர்களை வைத்து மேடையை நிறைக்கும் அந்த அறிவு, ஒத்திகை அறைகளில் கழிந்த ஆண்டுகள் தந்தது என்றே நான் கருதுகின்றேன்.

1944 இல் ஒத்திகை நடந்தது. அரங்கேற்றம் நடக்கவில்லை. ஒக்ரோபரில் உல்மானும் கீனும் அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டனர், இருவரும் திரும்பவில்லை. புறப்படுமுன் உல்மான் கையெழுத்துப் பிரதிகளை முகாமிலேயே நம்பிக்கையானவரிடம் விட்டுச் சென்றிருந்தார். அவை போரைத் தாண்டிப் பிழைத்தன. 1975 டிசெம்பரில், ஆம்ஸ்ரர்டாமில், அந்த ஒப்பரா முதன்முறையாக மேடையேறியது.

எழுதியவரை அழித்தவர்களால் எழுதியதை அழிக்க முடியவில்லை. அந்தத் தாள்களைப் பாதுகாத்த கைகளையும் உல்மானின் வரலாற்றில் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.