பாராங் போகும் பாதை

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பஹாவ் என்று எந்தத் தோட்டத்து லயத்தில் நுழைந்தாலும் வாசலோரம் ஒரு பாராங் இருக்கும். புதர் வெட்ட, விறகு பிளக்க, இளநீர் சீவ, கோழி அறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதற்கு வேலை குறையவில்லை. நீண்ட கம்பில் கட்டிய அரிவாள் குலையை இறக்கும். கீழே கிடக்கும் மட்டையைப் பாராங் நறுக்கும். பிடி வழுக்கினால் பழைய சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். இந்த டியூப் பின்னால் முக்கியமாகப் போகிறது.

காட்டுக்குள் அது வேலைக் கருவி. பொதுச் சாலையில் தகுந்த காரணமில்லாமல் கொண்டுபோனால், 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்குதல் ஆயுதச் சட்டம் குறுக்கே வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போயின. அங்கே வெட்டப் புதரும் இல்லை, பிளக்க விறகும் இல்லை. அப்பனுக்குச் சோறு போட்ட கருவி குண்டர் கும்பல் செய்திகளில் ஆயுதமாக வரும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒரு மனிதர் வெட்டுப்பட்டு விழுந்த பிறகு பாராங்குக்கு வேறு பயணம் தொடங்குகிறது. பெரும்பாலும் சம்பவ இடத்தில் அது கிடப்பதில்லை. கால்வாயிலோ மட்டைக் குவியலுக்கு அடியிலோ வீசப்பட்டிருக்கும். காவலில் உள்ளவர் ‘அங்கே போட்டேன்’ என்று சொல்லி, அதன்படியே பொருள் கிடைத்தால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிவிட்ட பேச்சு மட்டும் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி நீதிமன்றம் ஏறும். ஆகவே எடுக்கும் முன் படம், அளவுகோல், வரைபடம், யார் முன்னிலையில் என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். அடுத்து உறை. ஈரக் கத்தியைப் பிளாஸ்டிக்கில் போட்டு மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் நுண்ணுயிரும் மரபணுவைச் சிதைத்துவிடும். காயவைத்து, அசையாமல் கட்டி, அட்டைப்பெட்டியில் முத்திரையிட்டு அனுப்புவதே முறை. இந்தச் சின்ன வேலையில் காட்டும் அலட்சியத்தை எந்த விஞ்ஞானியாலும் பின்னால் சரிசெய்ய முடியாது.

இதற்கிடையில் உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். குத்துக் காயம் அகலத்தைவிட ஆழம் கூடியது. கீறல் காயம் ஆழத்தைவிட நீளம் கூடியது. பாராங் போன்ற கனத்த கருவியின் வெட்டு எலும்பிலும் பள்ளம் பதிக்கும். உள்ளங்கையிலும் முன்கையின் சுண்டுவிரல் பக்கத்திலும் வெட்டுகள் இருந்தால், விழுந்தவர் தடுக்கப் பார்த்தார் என்று தெரியும். ஆனால் காயத்தின் நீளஅகலம் கத்தியின் நீளஅகலம் அல்ல. தோல் இழுபட்டுப் பிளக்கும். வயிறு அமுங்கிக் கொடுப்பதால் குட்டைக் கத்தியும் ஆழமாக இறங்கும். ‘இந்தக் கத்திதான்’ என்று காயத்தை மட்டும் பார்த்து நேர்மையான மருத்துவர் அடித்துச் சொல்லமாட்டார். ‘இத்தகைய கருவியால் நேர்ந்திருக்கலாம்’ என்பார்.

மிச்சத்தைக் கத்திதான் சொல்ல வேண்டும். 1247இல் சீனத்துச் சோங் ட்சு எழுதிய தடயவியல் நூலில் ஒரு சம்பவம் உண்டு. வழியோரம் ஒருவர் வெட்டுப்பட்டுக் கிடக்க, விசாரணை அதிகாரி ஊரிலுள்ள அரிவாள்கள் அனைத்தையும் கொண்டுவரச் செய்தார். எழுபது எண்பது அரிவாள்களில் ஒன்றை மட்டும் ஈக்கள் மொய்த்தன. கழுவிய இரும்பிலும் ரத்த வாடை தங்கியிருந்தது.

பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசிய இரசாயனத் துறையின் ஆய்வுக்கூடத்தில் ஈக்களின் வேலையை இரசாயனச் சொட்டுகள் செய்யும். கேஸில்-மேயர் சோதனையில், கறையைத் துடைத்த பஞ்சில் பினாப்தலின் கரைசல் ஒரு சொட்டு. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு. உடனே இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். பெராக்சைடுக்கு முன்பே நிறம் வந்தால் அது கணக்கில்லை. செடிகொடிகளின் சாற்றிலுள்ள நொதிகளும் இந்த நிறத்தைக் காட்டக்கூடும் என்பதால், நாள்தோறும் இலைதழை வெட்டும் பாராங்கில் இந்தச் சோதனையோடு நின்றுவிடக்கூடாது. மனித ரத்தமா, கோழி ரத்தமா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் பிறகே மரபணு.

இங்கேதான் டியூப் வருகிறது. அலகைக் கழுவியவர் பிடியைப் பிரித்துக் கழுவுவதில்லை. சுற்றுகளின் மடிப்புக்குள்ளும் அலகு பிடிக்குள் நுழையும் இடுக்கிலும் ரத்தம் இறங்கித் தங்கிவிடும். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துத் துடைத்தெடுக்க வேண்டும். பிடியில் கை வழுக்கி வெட்டியவரே தன் விரலை அறுத்துக்கொண்டிருந்தால் அவருடைய ரத்தமும் அங்கே இருக்கும். வெறும் தோல் செல்கள் மட்டும் கிடைத்தால் கவனம் தேவை. வீட்டில் அப்பா, அண்ணன், அண்டை வீட்டார் என்று பலரும் பிடித்த பாராங் அது. ஒருவரின் மரபணு பிடியில் இருப்பது அவர் அதைத் தொட்டதைக் காட்டலாம். யாரை எப்போது வெட்டினார் என்பதைக் காட்டாது.

சிரம்பான் உயர்நீதிமன்றத்தில் பெட்டி திறக்கப்படும்போது பாராங்குக்கு முதலில் ‘ஐடி’ என்ற அடையாளம்தான். உரியவர் வந்து, இதைத்தான் நான் எடுத்தேன், இது என் முத்திரை என்று நிரூபித்த பிறகே அரசுத் தரப்பின் ‘பி’ எண் கிடைக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்விகள் இரும்பைப் பற்றியவையாக இருப்பது குறைவு. கிடங்கில் எத்தனை நாள் இருந்தது, சாவி யாரிடம், ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்த நேரம் என்ன, பெட்டியில் எழுதிய எண்ணும் ரசீது எண்ணும் ஒன்றா? அவர் அப்படிக் கேட்பது சரியே; கூண்டில் நிற்பவரின் உயிர் அந்த ரசீதுகளில் இருக்கிறது. மேல்முறையீடு கூட்டரசு நீதிமன்றம்வரை போனால் பெட்டியும் அதுவரை பத்திரமாக இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அதை அழிப்பதா, உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதா என்பதையும் நீதிமன்றமே உத்தரவிடும்.