பப்பாளி மாவுப்பூச்சியும் ஒட்டுண்ணிக் குளவியும்

மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களோடு வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியையும் அது தாக்கியது.

கொமரலிங்கத்தை அடுத்த உடுமலை வட்டாரம் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. அங்கு மல்பெரியைக் காப்பது எளிதாக இல்லை. பூச்சியின் மேல் படிந்த வெண்மெழுகு மருந்தைத் தடுத்தது. மருந்து படிந்த இலையோ பட்டுப்புழுவுக்கே நஞ்சாகும்.

எனவே இப்பூச்சியின் இயற்கை எதிரியான 'அசிரோபேகஸ் பப்பாயே' என்னும் சிறு குளவி, 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதனைப் பெருக்கி வயல்களில் விடுவித்தது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களிலேயே பாதிப்பு வெகுவாகத் தணிந்தது. கண்டபடி மருந்து தெளித்தால் இக்குளவியும் மடியும் என்பதை வீட்டுத் தோட்டம் வளர்ப்போரும் நினைவில் கொள்வது நல்லது.