புன்னகைக்கும் முகமூடிகள்: ‘டெல்லி காம்’ சித்திர நாவலில் நெருக்கடிநிலைக் கால நகரம்

விஸ்வஜோதி கோஷ் எழுதி வரைந்து, ஹார்ப்பர்காலின்ஸ் இந்தியா 2010-இல் வெளியிட்ட ‘டெல்லி காம்’ நெருக்கடிநிலைக் காலத் தலைநகரைக் களமாகக் கொண்ட ஆங்கிலச் சித்திர நாவல். அக்காலத்தைப் பற்றிய நூல்களில் கணிசமானவை தலைவர்களின் சிறைக் குறிப்புகளும் இதழாளர்களின் நினைவுகளுமே. கோஷின் நோக்கு தெருவின் மீது விழுகிறது. கைதாகாதவர்கள் அந்த 21 மாதங்களை எப்படிக் கழித்தார்கள் என்பதே அவருடைய கேள்வி.

விபூதி பிரசாத், பர்வேஸ், மாஸ்டர் ஆகிய மூவரும் ஒருகாலத்தில் ஊர் ஊராகப் பாடிச் சமூக மாற்றம் பேசிய குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். நெருக்கடிநிலை அவர்களை வேறு வேறு திசைகளில் தள்ளுகிறது. பிரதமர் ‘மூன்’ ஆகிறார், அவர் மகன் ‘பிரின்ஸ்’, ஜெயப்பிரகாஷ் நாராயணன் ‘பிராஃபெட்’. யாரைச் சொல்கிறது என்பது எவருக்கும் விளங்கும். விளங்கியும் பெயரைச் சொல்லாதிருப்பது அன்றைய நகரத்தின் பேச்சு வழக்கம்; நாவல் அதையே தன் உத்தியாக்கிக்கொள்கிறது.

தணிக்கை உண்மையில் இருந்தபோது ஓவியர்களுக்கு இந்த விளையாட்டு எளிதாக இருக்கவில்லை. 1975 ஜூன் 25 இரவு தில்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் இருந்த அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் கேலிச்சித்திர இதழான ‘சங்கர்ஸ் வீக்லி’ நின்றுபோனது. குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் கிடந்தபடியே அவசரச் சட்டங்களில் கையெழுத்திடுவதாக அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரம் அச்சேறியது விதிவிலக்கு.

கோஷ் வண்ணம் தீட்டுவதில் காட்டும் சிக்கனம் கவனத்துக்குரியது. பழைய நிழற்படத்தின் பழுப்பு நிறமே நூல் முழுவதும். சுவரொட்டி, வானொலிச் செய்தி, அரசு முழக்கம் யாவும் படத்துக்குள் எழுத்தாக நுழைகின்றன. பேச்சைக் குறைத்து உழைப்பைப் பெருக்கச் சொன்ன வாசகங்கள் அன்று நிஜமாகவே சுவரெங்கும் இருந்தன. தணிக்கைக்குத் தப்பிய ஒரே எழுத்து அரசின் எழுத்து என்பதைச் சித்திர நாவல் காட்டுவதுபோல் உரைநடையால் காட்டிவிட முடியாது.

ஆனால் ‘ஸ்மைலிங் சேவியர்ஸ்’ எனப்படும், புன்னகை முகமூடி அணிந்த அரசு ஆதரவாளர்கள் நாவலின் பலமும் பலவீனமுமாக அமைகிறார்கள். அச்சத்தை அந்த உருவம் ஒரே பார்வையில் உணர்த்திவிடுகிறது. முகமூடிக்குள் இருந்தவர் எதை எண்ணி உடன்பட்டார் என்ற கேள்வி நிற்கிறது. ரயில்கள் நேரத்துக்கு வந்தன என்று மனமார மகிழ்ந்த நடுத்தர வர்க்கத்தாருக்கு முகமூடியே தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு அனுபவம் இந்தக் குறையைத் துலக்குகிறது. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்படும் வரை நெருக்கடிநிலையின் கடுமை இங்கே முழுதாக இறங்கவில்லை. அதன்பின் மிசா கைதுகள், சென்னை மத்தியச் சிறையில் அடி உதை, அதில் காயமுற்ற தி.மு.க.வைச் சேர்ந்த சிட்டிபாபுவின் மரணம் எனத் தமிழ் நினைவில் பதிந்தது பெரும்பாலும் சிறையே. புதுச்சேரியோ 1974 மார்ச் முதலே குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. ஊருக்கு ஊர் அனுபவம் வேறுபட்டதால் மக்களின் கணக்கும் வேறுபட்டது. 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட் வீடுகள் இடிபடக் கண்ட தில்லி, 1977 மார்ச் தேர்தலில் தன் 7 தொகுதிகளையும் ஜனதாவுக்கு அளித்தது. அதே தேர்தலில் தமிழ்நாடு அ.தி.மு.க.–காங்கிரஸ் அணிக்குப் பெருவெற்றி தந்தது.