முன்பணமும் மாதிரித் துணியும்: சோழமண்டலக் கரையின் கொள்முதல் முறை

மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கச் சென்ற ஒல்லாந்தர், அங்குள்ளோர் வெள்ளியைவிடத் துணியையே விரும்பியதைக் கண்டனர். ஹென்றிக் பிரௌவர் 1612இல் சோழமண்டலக் கரையை மலுக்குவின் இடக்கை என்று வருணித்ததன் பொருள் இதுவே. மறு ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது.

ஆயின், கிடைத்த துணியை ஏற்றி அனுப்பினால் போதாது. சாயவேரின் சிவப்பு எவ்வளவு அடர்ந்திருக்க வேண்டும், கரை எத்தனை விரல் அகலம், பூவேலை எத்தகையது என்பனவற்றில் ஒவ்வொரு சந்தைக்கும் தனி விருப்பம் இருந்தது. பொருந்தாத துணி கிடங்கில் தேங்கியது. ஆகவே பத்தாவியாவிலிருந்து மாதிரித் துணிகள் பழவேற்காட்டுக்கு வந்தன. பருவக்காற்றை நம்பிய கப்பற்போக்குவரத்தில், கேட்ட துணி கேட்டவரைச் சேர ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

கம்பெனிக்குச் சொந்தத் தறிகள் இல்லை. வணிகர் மாதிரியையும் முன்பணத்தையும் பெற்று, உள்நாட்டு ஊர்களின் நெசவாளரிடம் சேர்த்தனர். நெசவாளரோ முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிகுதியாகத் தருபவருக்குத் துணியை விற்கலாம். இழப்பு வணிகரைச் சேர்ந்தது. ஐரோப்பியர் இதை நெசவாளரின் நாணயக் குறைவாகவே எழுதிவைத்தனர். நம் வரலாற்று நூல்கள் சிலவும் அக்குற்றச்சாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டன என்பது வருந்தத்தக்கது. என் கருத்தில், கடல்கடந்த வாடிக்கையாளரின் தேவையைத் தறிக்கு அறிவித்தது அந்த விலகும் உரிமைதான். ஒல்லாந்தர், ஆங்கிலேயர், 1620 முதல் தரங்கம்பாடியில் டேனியர், இவர்களோடு ஆசிய வணிகரும் போட்டியிட்டபோது, நாடப்பட்ட துணியின் விலையேற்றம் நெசவாளர் வரை எட்டியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசியல் ஆதிக்கம் பெற்ற ஆங்கிலக் கம்பெனி இடைநிலை வணிகரை விலக்கித் தன் குமாஸ்தாக்களை நெசவாளரிடம் நேரே அனுப்பியது. செலவு குறையும், தரம் உயரும் என்பது எதிர்பார்ப்பு. முன்பணம் பெற்றவர் பிறருக்கு நெய்வது தடுக்கப்பட்டது. பணத்தைத் திருப்பித் தந்து விலகும் வழியும் அடைபட்டது. துணியின் நயத்தைப் பாவிழைகளின் எண்ணிக்கையால், அதாவது புஞ்சத்தால், அளப்பது வழக்கம். கட்டுண்ட நெசவாளர் இழைகளைக் குறைத்து நெருக்கமின்றி நெய்தனர். சிலர் தறியை விட்டே வெளியேறினர். குமாஸ்தா துணியை அளந்து விலையைக் கழித்தார். முன்பு அந்த நெசவாளரையும் அவர் தறியையும் அறிந்திருந்த வணிகர் அப்போது அங்கு இல்லை.